இன்று எனக்கு இண்டர்வியூ

ஏங்க,

நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் மலாக்கா பஸ்ஸில் இருப்பேன். ஆறு வருடமாகத் தற்காலிக டீச்சர், இன்று நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ. "இருக்கிற வேலை போதும்லா" என்றீர்கள். இருந்தாலும் போகிறேன்.

மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். யூனிபார்ம் கொடியில் காய்கிறது.

ஒரு வாரமாக ரைஸ் குக்கரைப் பார்த்துத்தான் மலாயில் பதில் சொல்லிப் பழகினேன். நேற்று நீங்கள் தண்ணீர் கேட்டதும், அதிகாரிக்குச் சொல்வதுபோல் "பாய்க், துவான்", அதாவது "சரிங்க ஐயா" என்று மலாயில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீங்கள் சிரிக்கக்கூட இல்லை.

கோபமெல்லாம் இல்லை.

தனலெட்சுமி

பி.கு.: முதலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்களாம். அதற்கு மட்டும் பதில் வரவே இல்லை. இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லையே.