மாதா விளக்கும் டிக்கியில் ஓர் உறுமலும்

3 அக்டோபர் 2016, திங்கள்

கார் சீட் கவர் தைப்பது இன்றோடு முடிந்தது! கடை முதலாளி ங்கா அக்கா காலையில் என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிவிட்டு, ஒயர் உரிக்கும் கட்டரைக் கொடுத்தார்.

"பூ மி ஹங்லேருந்து பெரிய வண்டி ஒண்ணு வருது. சப்வூஃபர், ஆம்ப், ரெண்டும் நீயே மாட்டு மாதலேன். நல்லா வந்தா நீ ஃபிட்டர். வண்டி குறையோட திரும்பி வந்தா மறுபடியும் தையல் மிஷின்."

பின் யுவோங் ஃபேக்டரியில் மூன்று வருடம் கார்களுக்கு ஒயர் கட்டினேன். எந்தக் காருக்குப் போகிறது என்று ஒருநாளும் காட்டியதில்லை. கழிப்பறைக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இப்போது முழுக் காரும் என் கையில்.

தமிழில் எழுதுகிறேன். இந்த வியட்நாம் கடையில் எவனாலும் படிக்க முடியாது. அம்மா காரைக்காலிலிருந்து கொண்டுவந்த சீதனத்தில் இன்னும் உழைப்பது இந்த எழுத்து ஒன்றுதான்.

5 அக்டோபர், புதன்

பாட்டைப் போட்டதும் விலா எலும்பு அதிர்ந்தது! டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் பெட்டி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ங்கா அக்காவின் காப்பி டம்ளரில் ஐஸ் கிணுகிணுத்தது. மூத்த ஃபிட்டர் லோங் எட்டிப் பார்த்து, "சீட் கவரை விட இதை நேரா தைச்சிருக்கே" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

வண்டிக்காரர் பெயர் அகுஸ்தேன். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு பாஸ்போர்ட். பின் யுவோங்கில் ஒரு செருப்பு ஃபேக்டரிக்கு மேனேஜர். நான் தமிழ் பேசியதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அட, தமிழாம்மா நீ? பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். ஒலியைக் கூட்டினேன். டாஷ்போர்டில் நின்ற வேளாங்கண்ணி மாதாவின் கிரீடம்கூட நடுங்கியது. அதுவே போதுமான பதில்.

7 அக்டோபர், வெள்ளி

திரும்பி வந்துவிட்டது.

பாட்டை நிறுத்தினால் டிக்கியிலிருந்து ஓர் உறுமல். நாய் படுத்துக்கொண்டு உறுமுவதுபோல. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எஞ்சினை அணைத்தாலும் நிற்கவில்லை.

"வண்டியில வேற ஏதாவது கரன்ட் சாமான் மாட்டினீங்களா, முசியே?"

"ஒண்ணுமில்ல. நான் எதையும் தொடல."

நானும் நன்றாகப் பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. சார்ஜர்கூட இல்லை. மாதாவின் காலடியில் மட்டும் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறுகிறது. அக்டோபர், ஜெபமாலை மாதம் அல்லவா. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கை மட்டும் மறக்கவில்லை.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் எர்த்தில்தான் கோளாறு. நிச்சயம்.

8 அக்டோபர், சனி

எர்த்தில் கோளாறு இல்லை.

கடலேற்றத்தில் ஆறு பொங்கிவிட்டது. கடைத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பணக்காரர்கள் வாழும் பூ மி ஹங் கோபுர வீடுகளின் வாசல் மட்டும் காய்ந்து கிடக்கிறது. தண்ணீருக்குக்கூட யார் வீட்டுக்குள் நுழையலாம் என்று தெரிந்திருக்கிறது.

டிக்கியில் ஈரம் ஏறி, எர்த் ஒயரை வண்டித் தகரத்தோடு பிணைக்கும் போல்ட் துருப்பிடித்திருக்குமோ என்று பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, எர்த் ஒயரை இறுக்கினேன். இந்த ஊரிலேயே அழகான எர்த் அதுவாகத்தான் இருக்கும்.

உறுமல் அப்படியே.

10 அக்டோபர், திங்கள்

முதலில் நல்லது. ரேடியோவிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு என் போனை நேராக ஆம்ப்பில் செருகினேன். உறுமல் இல்லை! அப்படியானால் ஆம்ப் சுத்தம், சப்வூஃபர் சுத்தம், என் எர்த்தும் சுத்தம். நாய் டிக்கியில் இல்லை, முன்னால் எங்கோ படுத்திருக்கிறது. குதித்ததில் தலை டிக்கிக் கதவில் இடித்தது. வலிக்கவே இல்லை.

பிறகு அகுஸ்தேன் வந்தார். ங்கா அக்காவிடம் வியட்நாமியில் குழைந்து பேசிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். திட்டுவதற்கு மட்டும் தாய்மொழி.

"எங்க ஃபேக்டரில ஒருத்தி இப்படி வேல செஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய."

"தெரியும் முசியே. கேட்டுக்கு உள்ள மூணு வருஷம் இருந்தவதான் நான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் ங்கா அக்காவின் முகமும் போனது. அவருக்குத் தமிழ் தெரியாது, தொனி தெரியும். "வியாழக்கெழம வர்றாரு. அதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா கடைக் கணக்குல புது ரேடியோ வைக்கணும். அப்புறம் ஒன்ன நான் மிஷின்லதான் ஒக்கார வைக்க முடியும், தங்கச்சி."

தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடிப்பது. ஆனால் சொன்ன வார்த்தை மாறமாட்டார். அதுதான் பயம்.

11 அக்டோபர், செவ்வாய்

ரேடியோவிலிருந்து ஆம்ப் வரை போகும் ஒயரை மாற்றினேன். அதே உறுமல். சாப்பிடவில்லை.

12 அக்டோபர், புதன்

பிடிச்சிட்டேன்! பிடிச்சிட்டேன்! பிடிச்சிட்டேன்!

வரிசையாக எழுதுகிறேன். மத்தியானம் வானம் இருண்டு மழை கொட்டியது. கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். நான் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பு. உறுமல் ஏறியது. நீலமானது, இறங்கியது. பச்சையானது, கிட்டத்தட்ட அடங்கியது. மறுபடி சிவப்பு —

மாதா?

அஞ்சு நாளா மூக்குக்கு முன்னால நின்னுச்சே! வெயில் வெளிச்சத்தில் நிறம் மாறுவது கண்ணில் பட்டும் படாமல் போயிற்று. இல்லை, அது பொய். பட்டது. சிலுவை போட்டேனே. சார்ஜர் இருக்கிறதா என்று தேடிய கண், விளக்கை ஒரு கரன்ட் சாமானாக எண்ணவே இல்லை. அது மாதா விளக்கு. அவ்வளவுதான். எதையும் நம்பாதவள் என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான்.

அதைவிடக் கேவலம், அணைக்கக் கை நீளவில்லை. லோங்கைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உன் சாமி. நீயே தொடு."

"தாயே, ஒரு நிமிஷம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விளக்கைப் பிடுங்கினேன்.

அமைதி. மழைச் சத்தம் மட்டும். செருகினேன், உறுமல். பிடுங்கினேன், அமைதி. லோங் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும்.

விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே டாஷ்போர்டுக்குள் போனேன். ரேடியோவின் மெல்லிய எர்த் ஒயரை நடுவில் உரித்து, விளக்கின் ஒயரை அதில் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறது. விளக்கு நிறம் மாற மாற அதன் துடிப்பு ரேடியோவுக்குள் கசிகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்கி டிக்கியில் உறுமவைக்கிறது. நான் மாட்டும்போது அந்த முறுக்கு அங்கே இல்லை. யார் கை வேலை?

13 அக்டோபர், வியாழன்

அகுஸ்தேன் மனைவியோடு வந்தார். மதாம் ஜூலியேத். விளக்கைச் செருகிக் காட்டினேன், பிடுங்கிக் காட்டினேன்.

"எதையும் தொடலன்னு சொன்னீங்களே, முசியே."

"மாதா இன்னா சாமானா?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நானும் அப்படித்தானே எண்ணியிருந்தேன்.

மதாம் ஜூலியேத் அவரை விடவில்லை. "நான்தான் சொன்னேனே, எலக்ட்ரீசியன கூப்புடுன்னு. 'நான் மேனேஜர், எனக்குத் தெரியாதா'ன்னு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போடற சட்டைய கூட கழட்டாம, வண்டி வந்த புதன்கெழமையே குனிஞ்சாரு!"

"ஞாயிறா புதனா, ஒண்ண சொல்லு" என்று முணுமுணுத்தார் அவர்.

"என்னிக்கா இருந்தா இன்னா? குனிஞ்சியா இல்லியா?"

மதாமுக்கு ஒரே நிபந்தனை: ஜெபமாலை மாதத்தில் மாதா இருட்டில் நிற்கக்கூடாது. நிற்கவில்லை. விளக்குக்குத் தனி ஒயர், தனி ஃபியூஸ், தனி எர்த் போட்டேன். நிறம் மாற்றும் பெட்டியை எடுத்துவிட்டு நிலையான வெள்ளை விளக்கு வைத்தேன். "மாதாவுக்கு டிஸ்கோ எதுக்கு, இதுதான் அழகு" என்றார் மதாம். ஒலியைக் கூட்டினேன். சுத்தம்! கிரீடம் நடுங்கியது, விளக்கு அசையவில்லை.

அகுஸ்தேன் மன்னிப்புக் கேட்கவில்லை. போகும்போது ங்கா அக்காவிடம், "இந்தப் பொண்ணு பரவாயில்ல" என்றார். பரவாயில்லையாம். அவர் ஃபேக்டரியில் எத்தனை பேர் அவர் முறுக்கிய ஒயருக்காகக் கேட்டுக்கு வெளியே போனார்களோ?

4 நவம்பர், வெள்ளி

ஒரு டாக்ஸி வந்தது. அதிலும் உறுமல். ங்கா அக்கா சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார். தையல் மிஷின் மேல் லோங் இப்போதெல்லாம் ஹெல்மெட்டை வைக்கிறான்.

டாஷ்போர்டில் புத்தர், அவர் தலையைச் சுற்றி விளக்கு. கும்பிட்டுவிட்டு அணைத்தேன். உறுமல் நிற்கவில்லை. புத்தர் தப்பித்தார். டிக்கியைத் திறந்தேன்.