அவர் வண்டிக்கு ஒரு பேட்டரி

மார்ச் 3, செவ்வாய்

எட்டு சட்டைக்குக் காலர் மாற்றினேன். மத்தியானம் போன் வந்தது. ரிமோட் கார் ஓட்டுகிறவர்களின் சங்கத்துச் செயலாளர். "வர்ற இருபத்திரண்டாம் தேதி, அண்ணன் ஞாபகமா அவர் வண்டிய ஒரு தடவ ஓட விடலாம்னு இருக்கோம். கொண்டு வர்றீங்களா அக்கா?" சரி என்றேன். சொன்ன பிறகுதான் பேட்டரி ஞாபகம் வந்தது.

வண்டி இருக்கிறது. பேட்டரி டப்பா இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மறுநாள் நான்தான் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கடைக்குப் போனேன். பேட்டரி என்றால் பேட்டரிதானே என்று நினைத்துப் போனவள் நான். கடைக்காரர், "கரண்ட் வண்டியா, எண்ணெய் வண்டியாம்மா?" என்றார்.

"எண்ணெய் வண்டி."

"அப்ப இது இஞ்சினுக்கு இல்ல, ரிசீவருக்கு. ரிசீவர்னா வண்டியோட காது. பேட்டரி செத்தா ரிமோட் சொல்றது அதுக்குக் கேக்காது. இஞ்சின் மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஓடும்."

எனக்குத் தெரியாதா அது.

மூன்று வகை எடுத்து வைத்தார். நாலு செல் போடுகிற டப்பா. அஞ்சு செல்லைச் சேர்த்து ஒட்டி நீல உறை போட்ட கட்டு. தட்டையாக லித்தியம். "லித்தியம் தெம்பா இருக்கும். ஆனா சக்கரத்தத் திருப்புற சர்வோ பழசுன்னா கருகிடும். என்ன சர்வோன்னு பாத்துட்டு வாங்க."

"டப்பாவே குடுங்களேன்."

"டப்பா வேணாம்மா. யாராவது கண்ட செல்லையும் எடுத்துப் போட்டுடுவாங்க. நிக்கிறப்ப விளக்கு எரியும், ஓடுறப்பதான் வண்டவாளம் தெரியும்."

வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

போன நவம்பர். தைக்கும்போது ரேடியோ கேட்பேன். செல் தீர்ந்து கரகரத்தது. அவர் சார்ஜ் ஏற்றிய நாலு செல் வண்டி டப்பாவில் இருந்தது, அதே அளவு. அதை எடுத்து ரேடியோவில் போட்டேன். ரேடியோ செல்லை டப்பாவில் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மறந்துபோனேன்.

அந்த ஞாயிறு வண்டி சொன்ன பேச்சுக் கேட்காமல் பறந்துபோய் லேத்துக்காரர் கணுக்காலை உடைத்தது. லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். இவருக்கு இருபது வருஷக் கூட்டாளி. அத்தோடு பேச்சு நின்றது. சங்கத்தில் இவரை இனி ஓட்ட வேண்டாம் என்றார்கள். ஜனவரியில் நெஞ்சுவலி. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. லேத்துக்காரர் சாவுக்கும் வரவில்லை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எழுபது நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேனே— பாவி.

மார்ச் 8, ஞாயிறு

யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் காதில் வாங்க அவரா இருக்கிறார்?

மார்ச் 11, புதன்

வண்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு லேத்துக்காரர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை.

அவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. திருப்பிப் பார்த்தார். "பழைய சர்வோ. ஆறு வோல்ட்டுக்கு மேல தாங்காது. அஞ்சு செல் கட்டு வாங்கு தங்கச்சி. லித்தியம் பக்கமே போயிடாத."

அப்போது சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு செல்ல மாத்தி வச்சது நான்."

வண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "ஆஸ்பத்திரில அவன்கிட்ட கேட்டேன், எப்பிட்றா ஆச்சுன்னு. 'பழைய செல்லுன்னு தெரிஞ்சேதான் போட்டேன், ஒரு ரவுண்டு தாங்கும்னு நெனச்சேன்'னான். அதான் எனக்கு ஆத்திரம். தெரிஞ்சே ஓட்டுவியாடான்னு. தெரியாம நடந்ததுன்னா நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன்?" என்றார்.

என் வீட்டுக்காரர் தெரிந்து போடவில்லை. மோதின பிறகு டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்ததும் அது யார் வேலை என்று புரிந்திருக்கும்.

மார்ச் 12, வியாழன்

ஏங்க ஒரு வார்த்த கேக்கல? என்னடி செஞ்சேன்னு கத்தியிருக்கக் கூடாதா? நானும் அழுதிருப்பேன், நாலு திட்டு வாங்கியிருப்பேன், அன்னிக்கே போய் லேத்துக்காரர் கையப் புடிச்சிருப்போமே. நீங்க என்னைக் காப்பாத்துனதா நெனச்சீங்க. நான் என்னைக் காப்பாத்திக்கிட்டேன்னு நெனச்சேன். நல்லா இருந்தோம் ரெண்டு பேரும்.

மார்ச் 14, சனி

நீலக் கட்டு வாங்கியாயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றே சார்ஜ் ஏற்றினேன். மைதானத்தில் முப்பது பேர் இருப்பார்கள். நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. அவர் எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்.

லேத்துக்காரர், "நான் சொல்றேன், நீ சும்மா இரு" என்றார். கேட்கவில்லை. நானே சொன்னேன். "அவர் எப்பவும் பாத்துதான் போடுவார். தப்பு செல்லு போட்டது நான். அவருக்குத் தெரியாது." பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. செயலாளர் தொப்பியைக் கழற்றினார். ஒரு ஆள், "அடப்பாவமே, அவரப் போய் ஓட்டாதன்னுட்டோமே" என்றார்.

ரிமோட்டை லேத்துக்காரர் பிடித்துக்கொண்டார். வண்டி ஆறு நிமிஷம் ஓடியது. நிறுத்தியதும் நின்றது.

ஏப்ரல் 2, வியாழன்

லேத்துக்காரர் மனைவி வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் சிரிப்பதை அப்படியே செய்து காட்டினாள், இருவருமே சிரித்துவிட்டோம். சாவுக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்கு உங்க தெருமுனை வரைக்கும் வந்தாரு. நான்தான் திருப்பிக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.