கங்காணி கொடுத்த டின்பால்

அன்புள்ள அம்மாவுக்குப் பழனாயி வணங்கி எழுதுவது. நானும் குழந்தையும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி, நான் கேட்காமலே டின்பால் கொடுத்தார்.

"தாய்ப்பால் குடிச்சா புள்ள மந்தமாயிரும். இதைக் குடிச்சா தொரை புள்ளையாட்ட அறிவு வரும்" என்றார்.

எனக்குச் சந்தேகம். துரை வீட்டு ஆயாவிடம் விசாரித்தேன்.

"தொரைசாணி அவங்க பாலத்தானே குடுக்கறாங்க" என்று சிரித்தாள்.

பால் கொடுக்கப் போக நாங்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வேலையை நிறுத்துவதுதான் கங்காணிக்கு உறுத்தல்.

"எம்பட புள்ளைக்கு எம்பட பாலே போதுமுங்க" என்று டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வேலை நேரத்தில் குழந்தையை விட்டுப்போகும் பிள்ளைக்கொட்டகையில் எனக்குத் தெரியாமல் புகட்டுகிறார்களோ என்று, மாலையில் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். கவலைப்படாதீர்கள்.

பால் ஊற நம் மலைக் கேழ்வரகு மாவு வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். குழந்தையை நம்பி விட்டுப்போக இங்கே எனக்கு ஆளில்லை. வேலைக்குக் கொம்பு ஊதுகிறார்கள்.

உங்கள் மகள்,
பழனாயி