ஒடுக்கு எடுத்த கார்

16-9-1980, செவ்வாய்

என் ஃபியட்டை அறுத்து, படத்தில் பார்த்த பழைய பந்தயக் கார் மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் கதவுக்குப் பின்னால் வரும் குழிவை நானே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தட்டித் தட்டி உண்டாக்கினேன். இன்று ஆபீஸ் விட்டுப் வண்டி நிற்கும் பவானிபூர் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் குழிவைக் காணோம்.

வங்காளி மிஸ்திரி பல்லைக் காட்டுகிறான். “ஒடுக்கு எடுத்துட்டேன் தாதா! கை வச்சுப் பாருங்க. காசு வேண்டாம், பூஜைக்கு என் பரிசு.”

வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, பாவி. அவனுக்கு அது அடிபட்ட இடம்!

வீட்டில் இவள், “வழவழன்னு நன்னாத்தானே இருக்கும்? எதுக்கு இப்படிக் கத்தறேள்?” என்கிறாள். இவளும் அவன் கட்சி.

நாளைக்கே மறுபடி தட்டலாமென்றால் விஸ்வகர்மா பூஜை. ஷெட்டில் யாரும் கருவியைத் தொடக் கூடாதாம். என் குழிவை அழித்த அந்தச் சுத்தியலுக்கு மாலை போடப் போகிறான். என்னையும் கும்பிடக் கூப்பிட்டிருக்கிறான்.