மூட்டை வாய் கட்டிய கை

வாழைச்சேனை
07.07.2009

அன்பு மருமகள் கேதீஸ்வரிக்கு,

மாமியும் கடையும் சுகம். லொறியடியில் விழுந்து அறுந்த முழங்கால் தசைநாரைத் தைத்தாயிற்று. தொடைதான் கருவாடாகச் சுருங்கிக் கிடக்கிறது.

தொடையில் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்கச் சொல்லி நீ அனுப்பிய பட்டி வந்தது. கூடவே இருந்த ரப்பர் பந்தும் மணிக்கூடு போன்ற சாமானும் எதற்கென்று விளங்கவில்லை, ஒதுக்கிவிட்டேன். அரிசி மூட்டைக்கு வாய் கட்டிப் பழகிய கை, ஒரே இழுவையில் இறுக்கிவிட்டது. பாதம் நீலம் பாரித்தது. மாமி போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த சனமெல்லாம் வீட்டுக்குள் வந்து என் காலைப் பார்த்தது.

வேறு வழி இருந்தால் எழுது.

மாமா
கனகசிங்கம்

மெல்பேண்
25.07.2009

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கால் என்ன அரிசி மூட்டையா? பந்து பட்டிக்குக் காற்றடிக்க, அந்த மணிக்கூடுதான் இறுக்கத்தை அளப்பது. இது இரத்தத்தை நிறுத்துகிற கட்டு இல்லை. உள்ளே போவதைக் குறைத்து, திரும்பி வருவதை மறிக்கும். சின்னப் பாரத்துக்கே தசை வளரும். தைத்த இடமும் இழுபடாது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் அளந்து கட்டாமல் இனித் தொடவேண்டாம்.

பட்டியைத் தெரிந்து தந்தவர் என்னோடு வேலை செய்யும் திவாகரன், வெல்லாவெளிக்காரர். உங்களைத் திவாகரனும் நன்றாக ஏசினார். என்னைக் கல்யாணத்துக்கும் கேட்டார். மாமா நடக்கமாட்டாமல் கிடக்க அந்தக் கதை வேண்டாம் என்றுவிட்டேன். சுனாமியில் அம்மா அப்பாவோடு, என்னைக் கட்டிய உங்கள் மகன் வினோஜனும் போனபிறகு எனக்கு நீங்களும் மாமியும்தானே. தை மாதம் வந்துவிடுகிறேன், உங்களைப் பார்த்துக்கொள்ள.

கேதீஸ்வரி

வாழைச்சேனை
12.11.2009

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

மிஸ் அளந்துதான் கட்டுகிறா. எங்கள் சோதனைச்சாவடி மாதிரித்தான்: போகிற லொறியை மெதுவாக விடும், வருகிற லொறியை மறித்து வைக்கும். தொடை கடுக்கும், ஆனால் சதை பிடித்துவிட்டது. நேற்றுக் கைத்தடி இல்லாமல் மீன் சந்தைக்கு நடந்தேன். மாமி பின்னால் வந்து வேவு பார்த்தா.

ஆகவே கல்யாணத்தைத் தட்டிக்கழிக்க இனி என் காலைச் சாட்டாதே. வெல்லாவெளிக்குப் போய்த் திவாகரனின் தாய் தகப்பனைப் பார்த்தேன். நல்ல சனம். "பொம்பிளைக்கு ஆர் பெரியவர்?" என்று கேட்டார்கள்.

"நான்தான் தகப்பன்" என்றேன்.

திரும்பி வரும்போது லொறிக்குள் கொஞ்சம் அழுதேன். வினோஜன் கோபிக்கமாட்டான். மாமியும் அழுதுவிட்டு, கூறைச் சேலைக்கு என்ன நிறம் என்று உன்னிடம் கேட்கச் சொன்னா.

வீடு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுப்பதில்லை. கல்குடாவில் உன் தாயின் வளவில் அத்திவாரம் வெட்டியாயிற்று. நீங்கள் மெல்பேணில் இருந்தாலும் வீடு இங்கே கிடக்கட்டும்.

தை மாதம் வா, அவரோடு வா. எனக்குக் கதிரை போடவேண்டாம். நின்றுதான் தாரைவார்ப்பேன்.

அப்பா
கனகசிங்கம்