பக்கத்து இருக்கையின் பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது முறையும் தோற்றுவிட்டேன். எதிரே லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பிவிட்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேனாம்! பரிசோதகர் இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அம்மா, நீங்க கும்பிட்டது கடவுளுக்குக் கேட்டிருக்கும். வண்டிக்குக் கேக்கலையே" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. "அவனன்றி ஓர் அணுவும் அசையாது. நீ பாஸ் பண்ணணும்னு இருந்தா பண்ணியிருப்ப."

அவருக்குக் கண் மங்கியதிலிருந்து எங்கள் கார் கொட்டகையில் தூங்குகிறது. ஏப்ரலில் மகளுக்குப் பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் வேலை, அதற்குள் கரை சேர மாட்டார். டாக்சி பிடித்தால் போயிற்று என்கிறார் இவர். ஆனால் அவள் என்னிடம் டாக்சியா கேட்டாள்? "அம்மா, நீ வந்து கூட்டிட்டுப் போ" என்றல்லவா கேட்டாள். நானும் பெரிய இவள் மாதிரி, "வர்றேன்டி, நானே ஓட்டிட்டு வர்றேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மறுபடியும் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கண்டிப்பு மட்டும் மாமியாரைப் போல. "அக்கா, இன்னொரு தடவை கையை எடுத்தீங்க, நான் குதிச்சிடுவேன்."

சந்தைத் திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. வண்டி டக்கென்று நின்றது.

"பார்த்தீங்களா, எவ்வளவு கரெக்டா பிரேக் போட்டேன்!"

"போட்டது நான்க்கா."

அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அவள் பக்கமும் பிரேக் இருக்கிறதென்றால் வண்டி ஓட்டுவது யார்? அவளா, நானா?

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது அவரை மடக்கிவிட்டேன். இதை எழுதும்போதும் சிரிப்பாக வருகிறது.

"எல்லாம் அவன் செயல்னா, நேத்து குழம்புல உப்பு கரிச்சதும் அவன் செயல்தானே? என்னை எதுக்குத் திட்டினீங்க?"

யோசித்தார். "அது உன் செயல்."

"ஓகோ, ருசியா இருந்தா அவன், உப்பு கரிச்சா நானா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். அது யார் செயல் என்று கேட்கவில்லை, பாவம்.

மார்ச் 12, வியாழன்

இது தையல் மிஷினை மிதித்துப் பழகிய கால். ஆக்சிலரேட்டரில் வைத்தாலே வண்டி பாய்கிறது. "அக்கா, நாம துணி தைக்கல" என்கிறாள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஆற்றுப் பாலம்! குறுகலான பாலம், நடுவில் எதிரே ஒரு லாரி. உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. ஓரம் கட்டி, வேகம் குறைத்து, அது போகிறவரை மெதுவாக உருட்டினேன்.

அக்கரையில் நிறுத்திவிட்டுக் கேட்டேன். "எத்தனை தடவை பிரேக் போட்டீங்க? உண்மையைச் சொல்லணும்."

"ஒரு தடவைகூட இல்லக்கா. காலை மட்டும் மேலே வெச்சிருந்தேன்."

"லாரி வந்தப்பவுமா?"

"அழுத்திடலாம்னு கால் துடிச்சுது. நானே அழுத்திக்கிட்டிருந்தா நீங்க எப்பதான் ஓட்டுவீங்க?"

வீட்டுக்கு வந்தும் இதே நினைப்புதான். காலை வைத்துக்கொண்டே அழுத்தாமல் இருக்கிறாளே, அதுவும் ஒரு செயல்தானே? நானே ஓட்ட வேண்டும் என்பதுதானே அவள் விருப்பம்? அப்படியென்றால் நான் என் இஷ்டத்துக்கு ஓட்டினாலும் அவள் இஷ்டம்தான் நடக்கிறது. மேலே இருக்கிறவரும் இப்படித்தானோ?

சிலருக்கு மட்டும் ஏன் கடைசி நொடியில்கூட அவர் பிரேக் போடுவதில்லை என்று கேட்டால் — எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனாலும் இன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மார்ச் 26, வியாழன்

பாஸ்! பாஸ்! பாஸ்!

அதே பரிசோதகர். "இன்னிக்குக் கும்பிடலையாம்மா?" என்றார். "கும்பிட்டேனே சார். வாய்க்குள்ள."

ஏப்ரல் 8, புதன்

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன். "அம்மா, வலி வந்துடுச்சு."

ஈரக் கையோடு சாவியை எடுத்தேன். இவரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து பக்கத்தில் ஏறினார். அக்கரையில் மகள் வீட்டுக்குப் போய், அவளைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக்கொண்டு திரும்பினோம். பாலத்தின் நடுவில் — வேறென்ன, லாரி! இவர் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

"என்ன பண்றீங்க?"

"பிரேக் போடறேன்!"

"நம்ம வண்டியில அந்தப் பக்கம் பிரேக் இல்லைங்க."

பின்னாலிருந்து மகள் வலியோடு வலியாகச் சிரித்தாள். "அப்பா, எல்லாம் அவன் செயல்தானே? அப்புறம் ஏன் பயப்படறீங்க?"

"ஓட்டறது உங்கம்மாவாச்சேடி!"

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். மகளை நர்ஸிடம் ஒப்படைத்தேன். திரும்பி வந்து ஓரமாக விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருகி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டு கைகளையும் கூப்பினேன்.

மதியம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். அழுகிற சத்தம் ஊரைக் கூட்டுகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது இவர் ஆஸ்பத்திரி அறை மேஜைமேல் தடவித் தடவிச் சாவியைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார்.