சாஸ்திரிகள் எத்தனை பேர்?

மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சிய பசையின் மணம் நாலு நாளாக இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பல்பு வைத்த நட்சத்திரம் கடையில் வேண்டுமட்டும் கிடைக்கிறது. ஆனாலும் என் மருமகளுக்கு மூங்கில் கீறிக் காகிதம் ஒட்டியதுதான் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அவள் தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டே, பெண்கள் சங்கத்தின் கிறிஸ்துமஸ் வினா விடைக்காகப் போனில் எடுத்து வைத்திருந்த கேள்விகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். மரியாள் கழுதையில் போனதாக எந்த வசனம்? எந்த வசனமும் இல்லை. சத்திரக்காரன் என்ன சொன்னான்? சத்திரத்தில் இடமில்லை என்பதுதான் உண்டு, சத்திரக்காரன் என்று ஒருவன் வரவே இல்லை. டிசம்பர் இருபத்தைந்து எந்த அதிகாரத்தில்? எதிலும் கிடையாது.

"அடுத்தது கேளுங்க மாமி, இதிலதான் எல்லாரும் விழுவாவ. குழந்தை இயேசுவப் பாக்கக் கிழக்கேருந்து வந்த சாஸ்திரிமாரு எத்தன பேரு?"

நான் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"மூணுன்னுதானே நெனச்சிய? வேதத்தில ஆளு எத்தனன்னு எண்ணமே இல்ல மாமி! காணிக்கைதான் மூணு" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். பசை அவள் நெற்றியில் தெறித்தது.

எனக்கு அடுக்களைப் பக்கம் எழுந்து போக வேண்டியிருந்தது. இதே பதிலை ஒருமுறை உன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் உனக்குச் செய்ததை, நீ உயிரோடு இருந்த இத்தனை வருடத்தில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இப்போது நீ இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நான் தெற்கேயிருந்து, நீ காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து. உன் வீட்டுக்காரர் சந்தையில் தையல் மிஷின் போட்டிருந்தார். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் கைதச்சக்கை என்கிற அன்னாசிச் செடி வேலி ஒன்றுதான். நானோ மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது வேதத்தில்தான். நீ ஏழாம் வகுப்பு, ஆனால் மலையாளம். வந்த புதிதில் நம்முடைய கோயிலில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்பு வந்து, முக்காட்டைக் கடித்துக்கொண்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நீயே கேட்டாய்: "சிரிச்சது ஞான் கண்டு. இனி நீதான் படிப்பிக்கணும்."

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு என் அடுக்களைத் தரையில் கரித்துண்டால் அ, ஆ எழுதினோம். உனக்கு எழுத்துச் சீக்கிரம் வந்தது, என்னைவிடச் சீக்கிரம். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. கூடவே ஒரு சின்ன முள்ளும் இருந்தது. அதை அப்போது நான் முள் என்று அறியவில்லை.

வேத வினாவின் நோட்டு என் பொறுப்பு. வீட்டில் உப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டென்று பார்த்து, சங்கத்துப் பெண்கள் அதை என்னிடம் கொடுத்தார்கள். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை, அடியில் அதிகாரம், வசனம். தப்பு வந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருத்துவேன். ஒருநாள் காரோடு பக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். "எங்க கடப்புறத்துக் கோயில்ல புல்கூடு கெட்டுதோமே, மாடும் ஆட்டுக்குட்டியும் நடுவில பாலனும் வச்சு. அதை முதல்ல கெட்டினது ஆருன்னு உங்க நோட்டில உண்டா பிள்ளே?" என்றாள். இல்லை. இத்தாலி தேசத்துத் துறவி ஒருவர் என்று அவளே சொல்லி, ஒரு சாளை மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். அதையும் எழுதிக்கொண்டேன். நீ சிரித்தாய்: "நோட்டு இப்போ மீன் மணக்குது."

நம் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது, நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை வேத வினாவில் ஜெயிக்கிற பெண்தான் கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பெண்ணின் குரல் வாசிப்பு மேசையிலிருந்து கேட்கும். பரிசென்று வேறொன்றும் கிடையாது. அது ஒன்றே போதுமாயிருந்தது.

அந்த வருடம் நீ அதை ஆசைப்பட்டாய். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே அந்த அதிகாரத்தை உரக்கச் சொல்லிப் பழகுவாய். "குடிமதிப்புன்னா எந்தா?" என்று கேட்டாய்.

"ஆளை எண்ணி எழுதுததாக்கும்."

"அப்போ இப்பளும் அதுதானே நடக்குது. தமிழாளு எத்தன, மலையாளத்தாளு எத்தனன்னு. இயேசப்பன் பொறந்தப்பளும் எண்ணுனாவ, இப்பளும் எண்ணுதாவ. எண்ணித் தீரல்ல!"

நான் சிரிக்கவில்லை. அது எல்லைப் போராட்ட வருடம். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் தாலூகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ஊர்வலம் போன என் கொழுந்தன் தலையில் அடிபட்டு வந்து, எங்கள் உள்ளறையில் கிடந்தான். கட்டு மாற்றியது நான்தான். அந்தத் துணியைக் கிணற்றடியில் அலசும்போது வேலிக்கு அப்பால் உன் வீட்டுக்காரரின் மலையாளப் பேச்சுக் கேட்கும். அவர் என்ன பாவம் செய்தார்? பிளவுசுக்கு அளவு கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கோ மேலெல்லாம் எரியும். அடிபட்டவன் வேதனையைச் சாக்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கோயில் பக்கத்தறையில் முப்பது பெண்கள் இருந்திருப்போம். ஒவ்வொருத்தியாக விலகி, கடைசியில் நீயும் வாத்தியார் வீட்டு அக்காவும் நின்றீர்கள். வாசலோரம் உன் அம்மை, காட்டாக்கடையிலிருந்து ஒரு டின் அச்சப்பப் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டேன்: "சாஸ்திரிகள் எத்தனை பேர்?"

நீ முதலில் எழுந்தாய். "எண்ணம் எழுதியிட்டில்ல. காணிக்கை மூணு. ஆளு எத்தனன்னு வேதத்தில இல்ல." அவசரத்தில் பாதி மலையாளமாகவே வந்தது.

என் நோட்டில் மூன்று என்று இருந்தது. அடியில் மத்தேயு இரண்டு என்றும் எழுதியிருந்தேன். ஆனால் அந்த வசனத்தை நான் திறந்து பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று பேர் கிரீடம் வைத்து வருவார்கள், பார்த்துப் பார்த்து எழுதிவிட்டேன். நீ சொன்ன அந்த நொடியிலேயே இவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று தோன்றியது. தோன்றியும் நான் சொன்னேன்:

"உங்க மலையாள வேதத்தில வேணும்னா எண்ணாம வந்திருப்பாவ. எங்க வேதத்தில மூணு பேராக்கும்."

அறை முழுவதும் சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த வேதத்தை என் பக்கம் நீட்டினாய். அது தமிழ் வேதம். என் அடுக்களைத் தரையில் படித்த எழுத்தைக்கொண்டு நீ வாசித்த வேதம்.

"நீயே வாசிச்சுப் பாரு மக்கா" என்றாய்.

வாத்தியார் வீட்டு அக்காவும் சொன்னாள்: "திறந்து பாத்தா தீருமே பிள்ளே."

"நேரமாச்சு" என்றேன் நான். அப்புறம் அந்த அக்காவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றேன். அவள் என் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்துத் தயங்கி, மூன்று என்றாள். நோட்டில் அவள் பேருக்கு நேரே குறி போட்டேன். அவளோ கண் தெரியவில்லையென்று சொல்லி, வாசிப்பை என்னிடமே தள்ளிவிட்டாள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் மத்தேயு இரண்டைத் திறந்தேன். ஒருமுறை வாசித்தேன். விரல் வைத்து இன்னொருமுறை வாசித்தேன். சாஸ்திரிகள் என்று மட்டுமே இருந்தது. வேலிக்கு அப்பால் உன் வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் வேதத்தை மூடி வைத்துவிட்டு முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கப் போனேன்.

கிறிஸ்துமஸ் விடியலில் நான் வாசித்தேன். நீ கடைசிப் பாயில் உன் அம்மையோடு இருந்தாய். குடிமதிப்பு என்ற சொல் வந்தபோது தலை தூக்கினேன். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதிகாரம் முழுவதும் உனக்கு மனப்பாடம். என்னோடு கூடவே சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாய்.

நான் சொன்ன அந்த வாக்கு அறையோடு நிற்கவில்லை. தை பிறக்குமுன்னே உனக்கு "மலையாள வேதக்காரி" என்று பேராகிவிட்டது. சந்தையில் பிள்ளைகள் கூவினார்கள். தைக்கக் கொடுக்கிற பெண்கள் வேறு கடை பார்த்தார்கள். பழியைப் போராட்டத்தின்மேல் போட எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அந்தப் பேரை எந்தக் கட்சிக்காரனும் வைக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக் காட்டாக்கடைக்குப் போய்விட்டீர்கள். வண்டி திரும்பும்போது நீ என் வீட்டைப் பார்த்தாய். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

பிறகு எல்லை போட்டார்கள். தெற்கு தமிழ்நாட்டோடு போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து மலையாளப் புத்தகம் கொண்டு வந்து, "அம்மா, இது எந்தா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் நீ இருந்திருந்தால் கரித்துண்டு போதும். ஒரு மலையாள வேதம் வாங்கி, தமிழ் வேதத்தைப் பக்கத்தில் விரித்து, சொல்லுக்குச் சொல் பொருத்தி நானே படித்தேன். முதலில் எடுத்தது மத்தேயு இரண்டு. அதிலும் எண்ணிக்கை இல்லை.

உங்கள் வேதம், எங்கள் வேதம் என்று பிரித்தேனே! இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது.

எத்தனையோ வருடத்துக்குப் பின் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கண்டேன். நீதான் ஓடி வந்தாய், எங்கள் ஊர்த் தமிழிலேயே. "எட்டீ, சொகமா இருக்கியா? இப்பளும் கேள்வி எழுதுதியா?"

"உண்டு" என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஏதோ வருமென்று காத்திருந்தாய். பாறசாலை பஸ் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும் என்று எனக்குத் தெரியும். "பஸ் வந்தாச்சு, வாறேன்" என்று ஏறிவிட்டேன்.

இந்த ஓணம் கழிந்து நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொன்னபோது, மகனைக் கூட்டிக்கொண்டு காட்டாக்கடைக்கு வந்தேன். உன் மகள் என்னை யாரென்று அறியாமலே பக்கத்தில் இருத்திப் பேசினாள். "அம்மை எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் விடியக்காலத்து எழும்பி ஒரு தமிழ் வேதம் எடுத்து உரக்க வாசிக்கும். எங்களுக்குப் பாதி மனசிலாவாது. தமிழ் எங்க படிச்சதுன்னு கேட்டா, பாறசாலையில ஒரு கூட்டுக்காரி படிப்பிச்சான்னு மட்டும் பறயும்."

மட்டும். மிச்சத்தை உன் பிள்ளைகளுக்குக்கூட நீ சொல்லவில்லை. அந்தக் கூட்டுக்காரி நான்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை வேத வினா. மருமகள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். "இந்தக் கேள்விக்கு இதே கோயிலில் ஒருத்தி சரியான விடை சொன்னாள். நோட்டில் தப்பாக எழுதி, அவளைத் தோற்கடித்தது நான்" என்றேன். யாரோ, "இதுக்கா மாமி இத்தன வருசம் வெசனப்பட்டிய? சின்னக் காரியம்லா!" என்றார்கள். "மாமிக்கு ஒரு கை தட்டுங்க" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு! விடை தப்பு என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தேன். நீ வேதத்தை நீட்டினதையும், நான் திறக்காததையும், அந்த வாக்கையும் சொல்லுமுன் கைதட்டல் எழுந்துவிட்டது. அதற்குள் ஒளிந்துகொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். பழைய புத்தி அப்படியேதான் இருக்கிறது, பார்.

ஆகவே மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன். பழைய நோட்டையும் எடுத்தேன். மற்றத் தப்பையெல்லாம் சிவப்பில் திருத்தியிருக்கிறேன், அந்த மூன்று மட்டும் கறுப்பில் அப்படியே நிற்கிறது. பேனாவைத் திறந்து, திரும்ப மூடிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பின் அந்த நோட்டைத் திறக்கிறவர்கள் பார்க்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு நாள். அன்றைக்கு விடியலில் உன் வீட்டில் தமிழில் வாசிக்க ஆள் இல்லை. நான் எழும்பி உன் மலையாளத்தில் லூக்கா இரண்டை உரக்க வாசிப்பேன். கூட்டிக் கூட்டித்தான் வரும், பாதி உச்சரிப்பும் தப்பாக இருக்கும். வேலிக்கு அப்பாலிருந்து என்னைத் திருத்த நீ இல்லை.